பிக்கப்பா, செடானா? அளவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமையல் ஒப்பந்தம், மின்வேலை, வீட்டுப் புதுப்பிப்பு, கல்யாண மேடை அலங்காரம் என்று சிங்கப்பூரில் சொந்தத் தொழில் வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் செடான் ஓட்டிப் பழகியவர்கள். தொழில் கொஞ்சம் வளர்ந்ததும், பின்னால் திறந்த தொட்டி உள்ள பிக்கப் வாங்கும் யோசனை வருகிறது. உடனே வரும் பயம், "நம்ம புளோக் கார்நிறுத்தத்தில் அது நிற்குமா?" என்பதுதான். அந்தப் பயத்தில் பாதி நியாயம், பாதி கண் செய்யும் வேலை. எது எது என்று இங்கே பிரித்துப் பார்க்கலாம்.

கச்சிதமான பிக்கப் என்று எதைச் சொல்கிறார்கள்? இங்கே ஓடும் டொயோட்டா ஹைலக்ஸ் அந்த வகையா?

இல்லை. இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் இணையத்தில் படிக்கும் ஒப்பீடுகளை நம்பினால் கணக்கு தப்பிவிடும். அமெரிக்கர்கள் இன்று கச்சிதமான பிக்கப் என்று சொல்வது 2021-ல் வந்த ஃபோர்ட் மேவரிக், ஹூண்டாய் சான்டா குரூஸ் போன்றவற்றை. இவை காரைப் போலவே ஒரே கூடாகக் கட்டப்பட்டவை. சான்டா குரூஸ் ஹூண்டாயின் டூசான் என்ற எஸ்யூவியின் அடித்தளத்திலும், மேவரிக் ஃபோர்டின் எஸ்கேப் என்ற எஸ்யூவியின் அடித்தளத்திலும் உட்கார்ந்திருக்கின்றன.

சிங்கப்பூர்ச் சாலையில் நாம் பார்க்கும் டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், மிட்சுபிஷி டிரைட்டன், நிசான் நவாரா எல்லாம் ஒரு படி பெரியவை. லாரிக்கு இருப்பது போலத் தனி இரும்புச் சட்டம், அதன்மேல் கேபின், பின்னால் தனியாகத் தொட்டி. ஏறக்குறைய ஒரு டன் பாரம் தாங்குவதற்காகச் செய்தவை. அமெரிக்காவில் இந்த அளவுக்கு நடுத்தரம் என்று பெயர். ஆகவே "பிக்கப் கிட்டத்தட்ட செடான் அளவுதான்" என்று எங்காவது படித்தால், முதலில் எந்த பிக்கப் என்று பாருங்கள்.

சரி, எண்ணில் சொல்லுங்கள். செடானைவிட எவ்வளவு நீளம்?

நீளம், அகலம், உயரம், சக்கர இடைத்தூரம் என்ற வரிசையில், மில்லிமீட்டரில்:

டொயோட்டா கொரோலா ஆல்டிஸ்: 4,630 / 1,780 / 1,435 / 2,700
டொயோட்டா கேம்ரி (இப்போதைய தலைமுறை): 4,920 / 1,840 / 1,455 / 2,825
ஃபோர்ட் மேவரிக்: 5,072 / 1,844 / 1,745 / 3,076
டொயோட்டா ஹைலக்ஸ் இரட்டைக் கேபின் (2020 வடிவம்): 5,325 / 1,855 / 1,815 / 3,085

கேம்ரியைவிட மேவரிக் 15 செ.மீ. நீளம். கை விரித்தால் ஒரு சாண் கூட வராது. அகலத்தில் வித்தியாசம் 4 மி.மீ.தான், அதை வித்தியாசம் என்றே சொல்லக்கூடாது. ஹைலக்ஸ் கேம்ரியைவிட 40 செ.மீ. நீளம், கொரோலாவைவிட ஏறத்தாழ 70 செ.மீ. நீளம். அகலம் மட்டும் இங்கேயும் கேம்ரியை ஒட்டித்தான் நிற்கிறது.

இதில் நான் எல்லாரையும் பார்க்கச் சொல்வது கடைசி எண்ணை. சக்கர இடைத்தூரம் என்பது முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடுவரை உள்ள தூரம். மேவரிக்கின் மொத்த நீளம் கேம்ரியைவிட 15 செ.மீ. கூடுதல்; ஆனால் சக்கர இடைத்தூரம் 25 செ.மீ. கூடுதல். அதாவது சக்கரங்களுக்கு வெளியே முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி கேம்ரியில்தான் அதிகம். பிக்கப்பின் கூடுதல் நீளம் முழுவதும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. வண்டி ஓட்டும்போது கைக்குத் தெரிவது அதுதான், வாலின் நீளம் அல்ல.

இவ்வளவுதான் வித்தியாசம் என்றால் பிக்கப் ஏன் பூதம் மாதிரி தெரிகிறது?

உயரத்தால். கேம்ரியின் கூரை நம்மில் பலருக்குத் தோள் உயரம்தான். ஹைலக்ஸின் கூரை 36 செ.மீ. மேலே, சராசரி ஆளின் தலையைத் தாண்டி நிற்கிறது. முன்பக்கமும் செடானைப் போலச் சரிந்து இறங்காமல் செங்குத்தாக எழுகிறது. தரையிலிருந்து அடிப்பாகம் செடானில் 14 செ.மீ. அளவில் இருக்கும், ஹைலக்ஸில் அதைப்போல் இரண்டு மடங்கு. கண் இந்த உயரத்தைப் பார்த்துவிட்டு நீளத்தையும் அகலத்தையும் சேர்த்துப் பெரிதாக்கிக்கொள்கிறது.

நேர்மாறாகவும் நடக்கும். பிஎம்டபிள்யூ 7 வரிசை செடான் 5,391 மி.மீ. நீளம், அதாவது ஹைலக்ஸைவிட நீளம். நீள வடிவ மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் 5,289. அவை தாழ்வாக இருப்பதால் யாரும் "எவ்வளவு பெரிய வண்டி, எங்கே நிறுத்துவாய்?" என்று கேட்பதில்லை.

உயரத்தால் ஒரு நிஜமான ஆபத்தும் உண்டு, அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்மூடி உயரமாக இருப்பதால் வண்டிக்கு நேர் முன்னால் நிற்கும் சின்னப் பிள்ளை ஓட்டுநர் கண்ணில் படமாட்டாள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வட்டாரத்தில் விளையாட்டுத் திடலும் கார்நிறுத்தமும் பக்கத்திலேயே இருக்கின்றன. கிளம்பும் முன் முன்பக்கம் ஒரு சுற்றுப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பின்பக்கக் கேமராவும் உணர்கருவியும் பிக்கப்புக்கு அவசியம்.

வீவக கார்நிறுத்தத்தில் அடங்குமா?

எல்லாக் கேள்விக்கும் மேல் இதுதான். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி காருக்கான நிறுத்துமிடம் குறைந்தது 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். பக்கவாட்டில், சாலைக்கு இணையாக நிறுத்தும் இடமென்றால் நீளம் 5.4 மீட்டர்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கொரோலா உள்ளே போய் 17 செ.மீ. மிச்சம் வைக்கும். கேம்ரியே 12 செ.மீ. வெளியே நிற்கும். இதைச் சொன்னால் நம்பாத கேம்ரிக்காரர்கள் உண்டு, ஆனால் கணக்கு அப்படித்தான். மேவரிக் 27 செ.மீ., ஹைலக்ஸ் 52 செ.மீ. கோட்டைத் தாண்டும்.

அரை மீட்டர் வெளியே நிற்பது எவ்வளவு தொல்லை என்பது அந்த இடத்தைப் பொறுத்தது. தரைமட்ட நிறுத்தத்தில் பின்னால் புல்தரையோ தாழ்ந்த கரையோ இருந்தால், பின்னோக்கி நுழைந்து பின்சக்கரம் கரையைத் தொடும்வரை போகலாம். ஹைலக்ஸின் பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு மீட்டருக்கு மேல் வால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வால் புல்லின் மேல் போய் நின்றுவிடும், முன்மூக்கு கோட்டுக்குள் வந்துவிடும். செடி, வேலி, நடைபாதை எதையும் மறிக்காமல் இருந்தால் இது நல்ல வழி.

பலமாடி நிறுத்தத்தில் இதே உத்தி கைகொடுக்காது. அங்கே பின்னால் சுவர் இருக்கும். தரையில் பதித்த சக்கரத் தடுப்புக் கட்டை செடானை மனத்தில் வைத்துப் போட்டது. செடானில் சக்கரம் கட்டையைத் தொடும்போது பம்பருக்கும் சுவருக்கும் நடுவே இடம் இருக்கும். பிக்கப்பில் சக்கரம் கட்டைக்கு வருவதற்கு முன்பே பின்கதவு சுவரில் இடித்துவிடக்கூடும். இழுவைக் கொக்கி மாட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம் இடிக்கும். "கட்டை தட்டும் வரை போகலாம்" என்று செடானில் பழகிய கால் இங்கே ஏமாந்துபோகும்.

அகலம் பிரச்சினை இல்லை. 2.4 மீட்டரில் ஹைலக்ஸ் நின்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 54 செ.மீ. மிச்சம், கொரோலாவுக்கு 62. கதவைத் திறந்து இறங்குவதில் பெரிய வேறுபாடு தெரியாது. தூண் ஓரத்து இடங்களைத் தவிர்த்தால் போதும்.

பலமாடி நிறுத்தத்தின் சுற்றுப்பாதையில் ஒரே மூச்சில் திரும்ப முடியுமா?

கொரோலா திரும்ப 5.4 மீட்டர் ஆரம் போதும். கேம்ரிக்கு 5.7-ஐ ஒட்டி. மேவரிக்குக்கு 6 மீட்டருக்கு மேல், ஹைலக்ஸுக்கு சுமார் 6.4. நான் முன்னே சொன்ன சக்கர இடைத்தூரம் இங்கேதான் வேலையைக் காட்டுகிறது.

செடான் ஒரே வளைவில் நுழையும் இடத்தில் பிக்கப் ஒருமுறை பின்வாங்கி மறுபடி நுழையும். பின்னால் வண்டி வரிசை நிற்கும்போது அது மனத்துக்குச் சங்கடம்தான். இன்னொன்று, நீண்ட இடைத்தூரம் உள்ள வண்டியில் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஏற்றப்பாதையின் உள்கரையில் கறுப்பு டயர்த் தடங்களைப் பார்த்திருப்பீர்கள், நீள வண்டிகள் விட்டுப்போன அடையாளம் அது. மூக்கை வெளிக்கரைக்கு நெருக்கமாகக் கொண்டுபோய், கொஞ்சம் தாமதித்துத் திருப்பினால் சரியாக வரும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

உயரக் கம்பியில் இடிக்குமா?

வெறும் பிக்கப் இடிக்காது. நுழைவாயிலில் தொங்கும் கம்பி பெரும்பாலும் 2 மீட்டரோ அதைச் சற்றுத் தாண்டியோ இருக்கும், ஹைலக்ஸ் 1.8. ஆனால் கூரையில் ஏணி தாங்கி பொருத்தி அதன்மேல் ஏணியும் குழாயும் கட்டினால் அந்த 20 செ.மீ. எங்கே போனதென்றே தெரியாது. மின்வேலை, குழாய்வேலை செய்பவர்கள் ஏணியோடு சேர்த்து அளந்து, அந்த எண்ணை ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம்.

தட்டில் ஏற்றி வண்டியை உள்ளே இழுத்துக்கொள்ளும் இயந்திர நிறுத்தம் என்றால் கதை வேறு. அதற்கு நீளம், உயரம், எடை மூன்றிலும் தனி வரம்பு உண்டு. பிக்கப் அங்கே போவதை மறந்துவிடலாம்.

லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம் பிக்கப்பில் போய்வருவது சிரமமா?

சாலையோர இணை நிறுத்தம் 5.4 மீட்டர் என்றேன். ஹைலக்ஸ் 5.33. முன்னும் பின்னும் வண்டி இருக்கும்போது அதற்குள் நுழைக்க நல்ல கைத்திறன் வேண்டும். மேவரிக் அளவென்றால் ஓரளவு மூச்சுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலைப் பக்கம் எந்த வண்டியும் எடுத்துப் போகாமல் எம்ஆர்டியில் போங்கள், அதுதான் என் ஆலோசனை.

தொட்டியில் உண்மையில் எவ்வளவு பிடிக்கும்? செடானின் பூட்டே போதாதா?

கொள்ளளவில் பார்த்தால் கொரோலாவின் பூட் சுமார் 470 லிட்டர், மேவரிக்கின் தொட்டி சுமார் 940. இரண்டு மடங்கு. ஆனால் லிட்டர் கணக்கு முழு உண்மையைச் சொல்லாது. பூட்டுக்கு மூடி உண்டு, வாய் சிறியது. தொட்டிக்கு மேலே வானம்தான் எல்லை.

சமையல் ஒப்பந்தக்காரரின் அண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். காலி அண்டாவே பூட்டின் வாய்க்குள் நுழையாது. சாம்பார் நிறைந்த அண்டாவைச் சாய்க்கவும் முடியாது. பிக்கப்பில் இரண்டு பேர் தூக்கிப் பின்கதவின் மேல் வைத்து உள்ளே தள்ளினால் நேராக நிற்கும், கயிறு போட்டுக் கட்டிவிடலாம். தைப்பூசத்துக்கு அலகுக் காவடியின் வளைவுகளையும் தண்டுகளையும் பெருமாள் கோயிலுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கும் இதே சௌகரியம். கழற்றினாலும் அந்த வளைவுகள் எந்தச் செடானுக்குள்ளும் போகாது.

அதே நேரம் பிக்கப்பால் ஆகாததையும் சொல்லிவிட வேண்டும். இரட்டைக் கேபின் ஹைலக்ஸின் தொட்டி நீளம் சுமார் 1.5 மீட்டர்தான், மேவரிக்குக்கு 1.37. புதுப்பிப்பு வேலைக்காரர்கள் தினமும் தூக்கும் 8க்கு 4 அடி பிளைவுட் 2.44 மீட்டர் நீளம், 1.22 மீட்டர் அகலம். ஹைலக்ஸில் இரண்டு சக்கர மேடுகளுக்கு நடுவே உள்ள இடம் 1.1 மீட்டர் அளவு. ஆக, பலகை தரையில் படுக்காது, நீளத்திலும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வெளியே நிற்கும். 5.3 மீட்டர் வண்டியை வாங்கிவிட்டு ஒரு பலகை அடங்கவில்லையே என்று வருந்துபவர்கள் இருக்கிறார்கள். நான்கு கதவு கேபின் நீளத்தைத் தின்றுவிடுகிறது, அதுதான் காரணம்.

ஜப்பானின் கேய் வகைக் குட்டி லாரி 3.4 மீட்டர் நீளத்துக்குமேல் போகக்கூடாது என்று அங்கே சட்டம். ஆனால் அதன் தொட்டி சுமார் 1.94 மீட்டர். கொரோலாவைவிட ஒரு மீட்டருக்கு மேல் குட்டையான வண்டியில் ஹைலக்ஸைவிட நீளமான தொட்டி! இரண்டே இருக்கை, ஓட்டுநர் முன்சக்கரத்தின் மேலேயே உட்காருகிறார், மூக்கே இல்லை. பாரம் 350 கிலோதான் தாங்கும் என்பது அதன் குறை. வண்டியின் நீளத்துக்கும் அது சுமக்கும் இடத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பின்னிருக்கையில் குடும்பம் உட்காரலாமா?

உட்காரலாம், ஐந்து பேர். ஆனால் இரட்டைக் கேபின் பிக்கப்பில் பின்னிருக்கையின் சாய்மானம் செங்குத்தாக இருக்கும், ஏனென்றால் அதற்குப் பின்னாலேயே கேபின் சுவர். கேம்ரியின் பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டு வந்த அம்மா இதில் தூங்கமாட்டார். படி ஏறி உட்கார வேண்டும் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தொந்தரவு. காலி வண்டியில் பின்பக்கம் குதிக்கும், பாரம் தாங்கச் செய்த பட்டை ஸ்பிரிங் அப்படித்தான்.

தொட்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகலாமா?

சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் ஏற்றக்கூடாது. தங்களிடம் வேலை செய்பவர்களை வேலைக்காக அழைத்துப்போக மட்டும் நிபந்தனைகளோடு சட்டம் இடம் தருகிறது. அதிலும் முதலில் முன் கேபின் நிரம்பியிருக்க வேண்டும், கூரையும் உயர்ந்த பக்கக் கம்பிகளும் வேண்டும். என் கருத்தைக் கேட்டால், சட்டம் அனுமதித்தாலும் செய்யாதீர்கள். வேகமாகப் பிரேக் போட்டால் சாமான் எங்கே பறக்குமோ அங்கேதான் மனிதனும் பறப்பான். ஊரிலிருந்து வந்து உழைக்கும் தம்பிகளை இருக்கையும் இருக்கை வாரும் உள்ள வண்டியில் கூட்டிப்போங்கள்.

செடானுக்குப் பதிலாகக் குடும்ப வண்டியாகவும் தொழில் வண்டியாகவும் ஒன்றே வைத்துக்கொள்ளலாமா? சட்டம் எப்படிப் பார்க்கிறது?

சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு சாதி வண்டிகள். கார் வாங்க சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழில் ஏ அல்லது பி பிரிவு; பிக்கப் சரக்கு வாகனம் என்பதால் சி பிரிவு. 3,500 கிலோவுக்குள் மொத்த எடை இருந்தால் அது இலகு சரக்கு வாகனம், விரைவுச்சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டர்தான் உச்சம். பின்னால் 70 என்று ஒட்டிய வட்டத்தைக் கவனித்திருப்பீர்கள். 90 போகிற சாலையில் செடான்காரர் பழகிய வேகத்தில் பிக்கப்பை ஓட்டினால் அபராதம் வீடு தேடி வரும். வண்டிச் சோதனைக்கும் காரைவிட அடிக்கடி போக வேண்டும். ஈஆர்பி என்ற மின்னியல் சாலைக் கட்டணம் மட்டும் காருக்கும் இலகு சரக்கு வாகனத்துக்கும் ஒன்றே. ஓட்டுநர் உரிமமும் அதே மூன்றாம் வகுப்பு போதும். 3ஏ வைத்திருந்தால் ஆட்டோ கியர் வண்டியாகப் பாருங்கள்.

வாரத்தில் பெரும்பாலான நாள் சாமான் ஏற்றுபவருக்கு ஒரே வண்டி சரிப்படும். மாதத்துக்கு ஒருமுறை அலமாரி தூக்க வேண்டியவருக்குச் சரிப்படாது. அவர் செடானை வைத்துக்கொண்டு தேவைப்படும்போது வேன் வாடகைக்கு எடுக்கட்டும்.

அப்போ வேனே வாங்கிவிடலாமா?

பலருக்கு அதுதான் சரியான விடை. சாதாரண ஹையேஸ் வேனின் நீளம் 4,695 மி.மீ., அகலம் 1,695. கேம்ரியைவிட 22 செ.மீ. குட்டை, 4.8 மீட்டர் கோட்டுக்குள் அழகாக அடங்கும். ஜப்பானில் 4.7 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரத்துக்குள் இருந்தால் சிறிய வாகனப் பிரிவு; அந்த எல்லைக்குள் நிற்கவே ஹையேஸை 5 மி.மீ. குறைத்து நிறுத்தியிருக்கிறார்கள். நமக்கு அது ஆதாயம். உயரம் 1.98 என்பதை மட்டும் கம்பிக்குக் கீழே போகும்போது நினைவில் வையுங்கள்.

பூக்கடைக்காரர்கள் பிக்கப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். திறந்த தொட்டியில் மல்லிகைப் பெட்டி கடைக்கு வருவதற்குள் ஒன்று வெயிலில் வாடும், இல்லையென்றால் மழையில் நனையும். மண், மணல், சிமெண்ட் மூட்டை, எண்ணெய் வடியும் இயந்திரம், உடைத்தெடுத்த ஓடு, உயரமான அண்டா: இவைதான் பிக்கப்புக்கு உரியவை. உள்ளே அழுக்கும் வாசனையும் வராது, தண்ணீர் அடித்துக் கழுவிவிடலாம்.

மேவரிக்கைச் சிங்கப்பூருக்கு வரவழைக்க முடியுமா?

அது இடப்பக்க ஸ்டியரிங் வண்டியாக மட்டுமே தயாராகிறது. அப்படிப்பட்ட வண்டியைப் பொதுவாக இங்கே பதிவு செய்யவிட மாட்டார்கள். ஆசையை விட்டுவிடுங்கள்.

வாங்கும் முன் எதை அளக்க வேண்டும்?

அளவுநாடாவோடு உங்கள் புளோக்கின் நிறுத்தத்துக்குப் போங்கள். இரவு பத்து மணிக்குப் போங்கள், எல்லாரும் வந்து நிறுத்திய பிறகுதான் நிலவரம் தெரியும். தடுப்புக் கட்டையின் முன்விளிம்பிலிருந்து சுவர்வரை அளந்து, வாங்க நினைக்கும் பிக்கப்பின் பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள நீளத்தோடு ஒப்பிடுங்கள். எதிர் வரிசையில் வண்டி நிற்கும்போது நடுப்பாதை எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். பிறகு கடைக்காரரிடம் சோதனை ஓட்டத்தை விரைவுச்சாலையில் வேண்டாம், என் கார்நிறுத்தத்தில் வேண்டும் என்று கேளுங்கள். நல்ல விற்பனையாளர் சம்மதிப்பார். நீங்கள் தினமும் தூக்கும் பொருளில் மிகப் பெரியது எதுவோ, அதையும் தொட்டியில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.